ஒரே விமானம், மூன்று சான்றிதழ்கள்: கிட் வாங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-12 ஒரு சின்ன விமானம். இரண்டு இருக்கை, 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் இன்ஜின், முழுச் சுமையோடு 1,320 பவுண்டு, அதாவது சுமார் 600 கிலோ. ஒரு ஹேங்கரில் மூன்று ஆர்வி-12 பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பழகிய கண்ணுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றை வாடகைக்கு விடலாம், மற்ற இரண்டை விட முடியாது. அந்த ஒன்றில் ரேடியோவை மாற்றவே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்றில் கட்டும்போதே வேறு இன்ஜினை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை யாராவது உங்களிடமிருந்து வாங்கினால், ஒரு வார இறுதி வகுப்புக்குப் போய்விட்டு வந்து ஆண்டுச் சோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். இத்தனைக்கும் காரணம் விமானத்துக்குள் வைத்திருக்கும் இளஞ்சிவப்புச் சான்றிதழில் எழுதியிருக்கும் வகை.

கிட், அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு, வாங்க நினைப்பவர்கள் வேகம், விலை, இன்ஜின் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சான்றிதழ் வகையைக் கடைசியில் நிரப்பும் ஒரு படிவமாக நினைத்துவிடுகிறார்கள். அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு அந்த விமானம் இருபது, முப்பது ஆண்டுகள் பறக்கும். அத்தனை ஆண்டுகளும் அதில் யார் கை வைக்கலாம், எதை மாற்றலாம், யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்பதையெல்லாம் இந்த வகைதான் தீர்மானிக்கிறது.

இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிகள். ‘என்’ என்று தொடங்கும் அமெரிக்கப் பதிவு எண் பெற்ற விமானங்களுக்கு உரியவை. இந்தியாவில் டிஜிசிஏவின் வழி முற்றிலும் தனி.

மருத்துவச் சோதனை என்ற பழைய காரணம்

2004 செப்டம்பரில் சிறு விமானங்களுக்கான லைட் ஸ்போர்ட் விதி நடைமுறைக்கு வந்தபோது பலர் அந்தப் பக்கம் போனதற்கு முக்கியக் காரணம் மருத்துவச் சோதனை. ஸ்போர்ட் பைலட் உரிமம் இருந்தால் விமானப் போக்குவரத்து மருத்துவரிடம் போக வேண்டியதில்லை, கார் ஓட்டும் உரிமமே போதும். கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்றிதழ் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சலுகைக்கு ஈடாக விமானத்துக்குக் கறாரான வரம்புகள் போட்டார்கள். தரையில் இறங்குவது என்றால் 1,320 பவுண்டு, நீரில் இறங்குவது என்றால் 1,430 பவுண்டு. இரண்டு இருக்கைக்கு மேல் கூடாது. ஒரே ஒரு பிஸ்டன் இன்ஜின். தரையில் இறங்கும் விமானத்துக்கு மடங்காத சக்கரம். கிடைமட்டப் பறப்பில் 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது, இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகமான ஸ்டால் வேகம் 45 நாட்டைத் தாண்டக் கூடாது.

அறுபது வயதைத் தாண்டிய பைலட்டுகள், சர்க்கரை, இதயக் கோளாறு என்று ஏதாவது ஒன்றுக்குப் பயந்தவர்கள், இந்த வரம்புகளுக்குள் வரும் விமானத்தைத்தான் தேடினார்கள். பிடித்த விமானத்தைவிட இது தேவலாம் என்று வாங்கியவர்களே அதிகம்.

2025 ஜூலை 22 அன்று ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் அறிவிக்கப்பட்ட, எஃப்ஏஏவின் மொசைக் என்ற புதிய விதி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுக்கு எடை வரம்பு இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் தகடான ஃபிளாப்பை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் 59 நாட்டுக்குள் இருந்தால் போதும். நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம், ஆனால் கூட ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். மடங்கும் சக்கரமோ, அலகுகளின் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லரோ இருந்தால் கூடுதல் பயிற்சியும் பயிற்றுநரின் கையெழுத்தும் வேண்டும். பழைய செஸ்னா 150 முதல் 172 வரை பல விமானங்கள் ஒரே நாளில் ஸ்போர்ட் பைலட்டின் கைக்கு எட்டிவிட்டன. கிட் விமானங்களிலும் நிறைய இதற்குள் வந்துவிடும்.

ஆகவே ‘எனக்கு மெடிக்கல் வேண்டாம், அதனால் லைட் ஸ்போர்ட்’ என்று இனி யாரும் வகையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. பைலட்டுக்கு என்ன உரிமம் என்பது வேறு, விமானத்துக்கு என்ன சான்றிதழ் என்பது வேறு. மொசைக்குக்குப் பிறகு இவை இரண்டும் நன்றாகவே பிரிந்துவிட்டன. வகைகளை இனி அவற்றின் சொந்தத் தகுதியில் பார்க்கலாம்.

சொந்தமாகக் கட்டியது: இ-ஏபி

எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர் பில்ட் என்பதைச் சுருக்கமாக இ-ஏபி என்பார்கள். இதன் உயிர்நாடி எல்லோரும் ‘51 சதவீத விதி’ என்று சொல்லும் நிபந்தனை. விமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே உருவாக்கிப் பூட்டியிருக்க வேண்டும். இந்தச் சதவீதம் எடையிலோ செலவிலோ கணக்கிடப்படுவதில்லை. வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு: இறக்கையின் விலா எலும்பு போன்ற ரிப் செய்தல், அதன் முதுகெலும்பு போன்ற ஸ்பார் பூட்டுதல், கட்டுப்பாட்டுக் கம்பிகள் பொருத்துதல் என்று நீளும். அதில் எத்தனை வேலையை நீங்கள் செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. இன்ஜின், புரொப்பெல்லர், சக்கரம், பிரேக், ரேடியோ போன்றவற்றை நீங்கள் உருவாக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெயின்ட்டும் இருக்கை மெத்தையும் கணக்கில் வராது, அவற்றைப் பணம் கொடுத்தே செய்துகொள்ளலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சௌகரியம் உண்டு. பெரும்பகுதியை ஒரே ஆள் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. அமெச்சூர்கள் செய்திருந்தால் போதும். ஒருவர் இறக்கையும் வாலும் முடித்துவிட்டு அலுத்துப்போய் விற்கும் பாதிக் கிட்டை வாங்கி மீதியை நீங்கள் முடித்தால், அவருடைய வேலையும் கணக்கில் சேரும். அதற்கு வேலைகளை அவர் குறித்து வைத்த லாக் புக்கும் படங்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். பாதிக் கிட் மலிவாகக் கிடைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த லாக் புக். அது இல்லாத அலுமினியம் எவ்வளவு அழகாக ரிவெட் அடிக்கப்பட்டிருந்தாலும் நான் விலை பேச மாட்டேன்.

பணம் கொடுத்து ஆள் வைத்து முழு விமானத்தையும் கட்டிவிட்டு ‘நானே கட்டினேன்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது அமெரிக்க மத்திய அரசிடம் பொய் சொல்வது, தண்டனைக்குரிய குற்றம். தொழிற்சாலைக்கே போய் அவர்கள் உதவியோடு கட்டும் திட்டங்கள் வேறு. வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்லிங்டனில் கிளாஸேர் நிறுவனம் ஸ்போர்ட்ஸ்மேன் விமானத்துக்கு நடத்திய ‘இரண்டு வாரத்தில் டாக்ஸி’ (டாக்ஸி என்றால் விமானம் தன் இன்ஜினில் தரையில் ஓடுவது) திட்டம் அப்படிப்பட்டது. அங்கே வாங்குபவர் தாமே நின்று, விதி கேட்கும் வேலைகளைத் தம் கையால் செய்தார்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? முதலாவது, முழுச் சுதந்திரம். சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் தயாரிப்பாளர். விமானத்தின் தகட்டில் உங்கள் பெயர் இருக்கும். எந்த இன்ஜின், எந்தத் திரை, எரிபொருள் தொட்டி எத்தனை பெரிது என்பதெல்லாம் உங்கள் முடிவு. மொத்த எடையையும் நீங்களே அறிவிக்கிறீர்கள். இரண்டாவது, பராமரிப்பு. எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் பழுது பார்க்க எந்த உரிமமும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சோதனைக்கு மட்டும் தகுதியுள்ளவரின் கையெழுத்து வேண்டும். கட்டியவர் விண்ணப்பித்தால் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ரிப்பேர்மேன் சான்றிதழ் அவருக்கே கிடைக்கும். பத்து ஆண்டு வைத்திருந்தால் இதில் மிச்சமாகும் பணம் சிறிதல்ல. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ஆண்டும் நீங்களே எல்லா மூடிகளையும் கழற்றி உள்ளே பார்ப்பீர்கள்.

பறக்க ஆரம்பிக்கும்போது சோதனைப் பறப்புக் கட்டம் ஒன்று உண்டு. இன்ஜினும் புரொப்பெல்லரும் சான்றளிக்கப்பட்ட ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம். குறிப்பிட்ட எல்லைக்குள் பறக்க வேண்டும், பயணிகளை ஏற்றக் கூடாது. இப்போது மணிக்கணக்குக்குப் பதிலாக, ஒரு திட்டப்படி சோதனைகளை ஒவ்வொன்றாக முடிக்கும் வழியும் வந்திருக்கிறது. தகுதியுள்ள இன்னொரு பைலட்டைக் கூட அழைத்துச் செல்லவும் வழி இருக்கிறது. பல ஆண்டுகள் ஷெட்டிலேயே இருந்து பறக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

சரி, இந்தச் சுதந்திரத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி. வேறொருவர் கட்டி, கைமாறி, அவரிடம் புதிதாக வந்திருந்த விமானம். வரைபடத்தின்படி எரிபொருள் தொட்டியை மாற்றும் பிடி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் எரிபொருள் குழாய் உட்காரும் இடத்துக்குள் வரவே கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால், விமானத்தின் திசையைத் திருப்பும் ரடர் மிதியை அழுத்திவிடும் வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்குச் சொன்ன காரணங்கள் ஏறத்தாழ இவைதான். பறக்கும் முன் எரிபொருளைச் சரியாகப் பார்க்காததையும், அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

கட்டியவருக்கு அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வாங்கியவருக்குத் தெரியாது. இ-ஏபி வகையின் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அதே வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. முந்தைய ஆண்டு விபத்துக்குள்ளான இ-ஏபி விமானங்களில் பாதிக்கு மேல் கட்டியவரிடமிருந்து கைமாறியவை. இறக்கை ஒடிந்து விழுவது அரிது. இன்ஜின் தொடர்பான கோளாறும் கட்டுப்பாடு இழப்பும்தான் அதிகம். ஆகவே இ-ஏபி விமானம் ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால், அதே மாதிரியில் அனுபவமுள்ள பயிற்றுநரோடு சில மணி நேரம் பறந்த பிறகே தனியாகப் போக வேண்டும். கட்டுகிறீர்கள் என்றால், பிடிகளையும் ஸ்விட்சுகளையும் வரைபடம் சொல்லும் இடத்திலேயே வையுங்கள். சுதந்திரம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றிலும் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

எடைக்கும் இது பொருந்தும். ஆர்வி-12 வெறுமையாகச் சுமார் 750 பவுண்டு. 20 கேலன் எரிபொருள் 120 பவுண்டு. 1,320-இல் மீதி 450 பவுண்டு, அதாவது 204 கிலோ. இரண்டு பெரியவர்களும் பெட்டியும் ஏறினால் சிலருக்கு இது இறுக்கம்தான். இ-ஏபி என்று பதிவு செய்துவிட்டால் மொத்த எடையைக் கூட்டி எழுதச் சட்டம் தடுக்காது. ஆனால் ஸ்பாரின் வலிமை தாளில் எழுதுவதால் கூடிவிடாது. வடிவமைத்தவர் கணக்குப் போட்டுச் சொன்ன எண்ணைத் தாண்டி எழுதுபவர்களை எந்த நிலையிலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

அதிகம் பேசப்படாத இ-எல்எஸ்ஏ

எக்ஸ்பெரிமென்டல் லைட் ஸ்போர்ட் என்ற இந்த வகைக்குள் மூன்று வழியாக வரலாம். முதல் வழி, பழைய இரட்டை இருக்கை அல்ட்ராலைட்டுகளைப் பதிவு செய்ய 2008 ஜனவரி 31 வரை திறந்திருந்த கதவு. அது மூடிவிட்டது. இரண்டாவது, கிட். மூன்றாவது, தொழிற்சாலையில் செய்த லைட் ஸ்போர்ட் விமானத்தை இந்த வகைக்கு மாற்றிக்கொள்வது.

கிட் வழியைப் புரிந்துகொண்டால் இ-ஏபியோடு இருக்கும் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இங்கே 51 சதவீதப் பேச்சே இல்லை. பத்து சதவீதம் நீங்கள் செய்து மீதியைத் தொழிற்சாலை செய்திருந்தாலும் சரி, வேறொருவருக்குப் பணம் கொடுத்துப் பூட்டச் சொன்னாலும் சரி. ஆனால் கிட் நிறுவனம் அதே மாதிரியில் ஒரு விமானத்தையாவது தானே முழுதாகச் செய்து லைட் ஸ்போர்ட் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் அந்த நிறுவனத்தின் கையேட்டை வரிக்கு வரி பின்பற்ற வேண்டும். சான்றிதழ் கிடைக்கும் நாளன்று உங்கள் விமானம் அவர்களுடைய விமானத்தின் நகலாக இருக்க வேண்டும். பிடித்த இன்ஜின், பிடித்த திரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் சோதனைப் பறப்புக் கட்டமும் சுருங்கிவிடுகிறது. ஆர்வி-12 இந்த வழியில் போனால் வழக்கமாக 5 மணி நேரம்தான். 40 மணி நேரம் தனியாக ஒரே வட்டாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சான்றிதழ் வந்த பிறகு கயிறு தளர்கிறது. எக்ஸ்பெரிமென்டல் என்பதால் நீங்கள் மாற்றங்கள் செய்யலாம், பழுது பார்க்கலாம். ஆண்டுச் சோதனைக்கு 16 மணி நேர வகுப்பு ஒன்றை முடித்து, இன்ஸ்பெக்ஷன் தகுதியோடு ரிப்பேர்மேன் சான்றிதழ் வாங்கினால் உங்கள் விமானத்துக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம். விமானத்தை நீங்கள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. சொந்தக்காரராக இருந்தால் போதும். விற்கும்போது வாங்குபவரும் அதே வகுப்புக்குப் போகலாம்.

இ-ஏபியில் அப்படியில்லை. கட்டியவரின் ரிப்பேர்மேன் சான்றிதழ் அவரோடு போய்விடும், விமானத்தோடு கைமாறாது. அடுத்தவர் நெடுங்காலமாக, விமான உடலுக்கும் இன்ஜினுக்கும் எஃப்ஏஏ உரிமம் பெற்ற ஏ அண்ட் பி மெக்கானிக்கைத்தான் தேட வேண்டியிருந்தது. அதிலும் எக்ஸ்பெரிமென்டல் என்றாலே தொடத் தயங்கும் மெக்கானிக்குகள் உண்டு. மொசைக் விதி ரிப்பேர்மேன்களின் எல்லையை விரிவாக்கியிருப்பதால், பழைய இ-ஏபி வாங்குபவர்கள் அருகிலுள்ள எஃப்ஏஏ அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு விலை பேசுவது நல்லது.

என் பார்வையில் இ-எல்எஸ்ஏ தகுதிக்கேற்ற கவனம் பெறாத வகை. கட்டும் ஆசை ஓரளவு, பறக்கும் ஆசை நிறைய, பராமரிப்பைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஆசை முழுதாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இதன் குறை, கிட்டுகளின் எண்ணிக்கை குறைவு என்பதுதான். எல்லா நிறுவனங்களும் முழு விமானம் ஒன்றைச் செய்து சான்றிதழ் வாங்க முன்வருவதில்லை. 2026 ஜூலை 24 முதல் மொசைக்கின் தயாரிப்புப் பகுதி நடைமுறைக்கு வருகிறது. ஃபிளாப் இறக்கிய நிலையில் ஸ்டால் வேகம் 61 நாட், நான்கு இருக்கை, 250 நாட் வேகம் வரை லைட் ஸ்போர்ட் வகைக்குள் வருவதால், பெரிய கிட்டுகளும் இந்த வழியில் வர வாய்ப்பிருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் எஸ்-எல்எஸ்ஏ

கட்டவே வேண்டாம், வாங்கிப் பறந்தால் போதும் என்பவர்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் உரியது ஸ்பெஷல் லைட் ஸ்போர்ட். தயாரிப்பாளர், ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பு வகுத்த தரநிலைகளுக்கு ஏற்பச் செய்ததாகத் தானே அறிக்கை கொடுக்கிறார். பழைய பெரிய விமானங்களுக்கு உள்ள நீண்ட டைப் சான்றிதழ் (வடிவமைப்புக்கு எஃப்ஏஏ தரும் ஒப்புதல்) நடைமுறை இதில் இல்லை. இந்த மூன்று வகைகளில் வாடகைக்கு விடவும், விமானத்தைக் கொடுத்துக் கூலிக்குக் கற்றுத்தரவும் ஏற்றது இது ஒன்றுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து விமானம் வாங்கிப் பயிற்சிப் பள்ளிக்கு விட்டுச் செலவைச் சமாளிக்க நினைத்தால் வேறு வகையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அப்படி விட்டால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை, தயாரிப்பாளரைச் சார்ந்திருப்பது. எந்த மாற்றமும் தரநிலைக்குள் இருக்க வேண்டும்; தயாரிப்பாளரோ எஃப்ஏஏ ஏற்கும் ஒருவரோ அதை அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் தயாரிப்பாளரின் கடிதத்துக்குத்தான் காத்திருப்பார்கள். அவர்கள் வெளியிடும் பாதுகாப்பு உத்தரவுகளை நிறைவேற்றியாக வேண்டும். நிறுவனமே மூடிவிட்டால்? கடிதம் கொடுக்க ஆளில்லாமல் விமானம் அப்படியே உறைந்து நிற்கும். அப்போது இ-எல்எஸ்ஏ ஆக மாற்றிக்கொள்வதுதான் பலர் எடுக்கும் வழி. பிறகு வாடகை வருமானம் கிடையாது, திரும்பி வருவதும் எளிதல்ல.

பெரிய பெயர் என்றால் நிலைக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. செஸ்னா 2007-இல் ஸ்கைகேச்சர் 162-ஐ அறிவித்தது. சீனாவின் ஷென்யாங்கில் தயாரித்தார்கள். தொடக்க விலை 1,09,500 டாலர் என்றார்கள். பிறகு அது ஏறியது. 2013-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். விற்காமல் நின்ற விமானங்கள் கடைசியில் உடைத்துப் போடப்பட்டன. செஸ்னா இன்னும் இருப்பதால் அதை வாங்கியவர்களுக்கு ஆதரவு உண்டு. சிறு நிறுவனங்களிடம் வாங்கிய எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

மற்ற இரண்டு வழிகள்

தனியாக, வீட்டுப் பக்கத்து வயல்வெளி மேல் மாலை நேரத்தில் பறந்தால் போதும் என்றால் அல்ட்ராலைட் போதும். ஒரே இருக்கை, வெறுமையாக 254 பவுண்டுக்குக் கீழ், 5 கேலன் எரிபொருள், 55 நாட் வேகம். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். சட்டம் கேட்காவிட்டாலும் பயிற்சி எடுக்காமல் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

இன்னொன்று, பழைய செஸ்னாவோ பைப்பரோ வாங்குவது. மொசைக்குக்குப் பிறகு இது மீண்டும் கவர்ச்சியாகிவிட்டது. ஆனால் சொந்தக்காரர் எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளைத்தான் செய்யலாம். ஆண்டுச் சோதனைக்கு இன்ஸ்பெக்ஷன் அதிகாரம் பெற்ற மெக்கானிக்தான் வர வேண்டும், உதிரிப் பாகங்களும் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்க ஆசையுள்ளவருக்கு இது சலிப்பைத் தரும்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

அமெரிக்காவில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. அவர்கள் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். ‘என்’ எண்ணில் சொந்தப் பெயரில் விமானம் பதிவு செய்யக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-1பி விசாவில் இருந்தால் டிரஸ்ட் மூலம் பதிவு செய்யும் வழி உண்டு. அதற்கு ஆண்டுதோறும் செலவு ஆகும். பைலட் உரிமம் வாங்கக் குடியுரிமை தேவையில்லை. பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவின் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ரிப்பேர்மேன் சான்றிதழுக்கு, கட்டியவர் என்ற முறையில் வாங்கினாலும் லைட் ஸ்போர்ட் வகுப்பு மூலம் வாங்கினாலும், குடியுரிமையோ கிரீன் கார்டோ கட்டாயம். இ-ஏபி, இ-எல்எஸ்ஏ இரண்டின் பெரிய ஆதாயமே அந்தக் கையெழுத்துதான். கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்பவர், கட்டி முடித்த பிறகும் ஒவ்வொரு ஆண்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க நேரிடும். அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது: இப்போதைக்குக் கிளப்பில் சேர்ந்து வாடகை விமானத்தில் பறந்து அனுபவத்தைச் சேருங்கள். கட்டும் ஆசை பொறுக்கவில்லை என்றால் வாலையும் இறக்கையையும் மட்டும் தொடங்கி மெதுவாகச் செய்யுங்கள். லாக் புக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். அந்த வேலை வீணாகாது.

யாருக்கு எது

மரமோ உலோகமோ ஏதோ ஒன்றைச் செதுக்கி உருவாக்குவதுதான் உங்களுக்குச் சந்தோஷம், ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஷெட்டில் நிற்கத் தயார், வீட்டிலும் அதற்குச் சம்மதம் என்றால் இ-ஏபி. வீட்டில் இருப்பவர்களின் சம்மதத்தைச் சும்மா சொல்லவில்லை. அது இல்லாமல் தொடங்கிய கிட்டுகள்தான் பாதி விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. ஆர்வி-7, ஆர்வி-10 போன்ற வேகமான, பெரிய விமானங்கள் வேண்டும் என்றாலும் இதுதான் வழி. கார்பன் கப் போன்ற விமானங்களிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். தொழிற்சாலையில் லைட் ஸ்போர்ட்டாக வந்தது 1,320 பவுண்டில் கட்டிப்போடப்பட்டிருந்தது. அதே வடிவமைப்பிலிருந்து வந்த கிட்டுக்கு 1,865 பவுண்டு. மலைப்பகுதியில் கூடாரமும் சாமானும் ஏற்றிக்கொண்டு இறங்க நினைப்பவருக்கு அந்த 545 பவுண்டுதான் எல்லாமே.

ஒன்றிரண்டு ஆண்டுக்குள் பறந்துவிட வேண்டும், புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் ஆசை இல்லை, ஒருநாள் விற்கவும் வேண்டியிருக்கும் என்றால் இ-எல்எஸ்ஏ. பிறர் ஓட்டிச் சம்பாதித்துத் தர வேண்டும் என்றால் எஸ்-எல்எஸ்ஏ. ஐம்பது வயதில் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு நடுவே விமானம் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் இ-ஏபி என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் எதற்காகப் பறக்க நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பாதிப் பேருக்கு இ-எல்எஸ்ஏதான் பொருந்துகிறது.

முன்பணம் அனுப்பும் முன்

இ-ஏபி என்றால், உங்கள் கிட் எஃப்ஏஏ மதிப்பிட்ட கிட்டுகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பகுதி பற்றிய வாக்குவாதம் பிறகு வராது. பட்டியலில் இருப்பது கிட் வரும் நிலையைப் பற்றியது மட்டும். நீங்கள் வெளியே பணம் கொடுத்துச் செய்யும் வேலை அந்தக் கணக்கைக் குலைத்துவிடலாம். இ-எல்எஸ்ஏ என்றால், தயாரிப்பாளர் கையெழுத்திட்ட இணக்க அறிக்கையை எப்போது தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் இந்த வகையில் சான்றிதழ் கிடையாது.

நிறுவனத்தின் நிலையையும் விசாரியுங்கள். 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கக் காரணமான வேன்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. லேசரால் வெட்டிய பாகங்களின் துளைகளில் விரிசல் விடும் சிக்கல் அதற்கு ஒரு காரணம். 2024-இல் மீண்டு வந்துவிட்டார்கள், ஆனால் கிட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த பலர் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே தவணையில் முழுக் கிட்டையும் வாங்காமல் வால் பகுதியை மட்டும் முதலில் வாங்கிக் கட்டிப் பார்ப்பது இந்த ஆபத்தையும் குறைக்கும், உங்களுக்கு இந்த வேலை பிடிக்கிறதா என்பதையும் காட்டிவிடும்.

சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்காக 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய இஏஏ அமைப்பின் கிளை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அநேகமாக இருக்கும். அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் உங்கள் ஷெட்டுக்கே வந்து வேலையைப் பார்ப்பார்கள், பணம் வாங்க மாட்டார்கள். முதல் பறப்புக்கு நீங்கள் தயாரா என்று பேசித் தெரிந்துகொள்ளவும் அங்கே ஆலோசகர்கள் உண்டு. வகையை முடிவு செய்யும் முன்பே அங்கே போய், மூன்று வகையிலும் விமானம் வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: போன ஆண்டுச் சோதனையை யார் செய்தார், எவ்வளவு ஆயிற்று?